ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம்: சல்பேட், பாராபென், வியாசர்பாடித் தண்ணீர்

கேள்வி: வியாசர்பாடி வாசகி, 2025 மார்ச் 2

"மூன்று வாரமாகத் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது. குளித்து முடித்தால் குளியலறைத் தண்ணீர்ப் போக்கியை அடைக்கும் அளவுக்குச் சுருண்டு கிடக்கிறது. நான் போடும் ஷாம்புவின் பின்பக்கத்தைப் படித்தேன். தண்ணீருக்கு அடுத்ததாகவே சோடியம் லாரத் சல்பேட் என்று இருக்கிறது. அது தரை கழுவும் ரசாயனம், புற்றுநோய் வரும் என்று நாத்தனார் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி சொல்கிறது. பாதி பாட்டில் மீதம் இருக்கிறது. கொட்டிவிடலாமா? சல்பேட், பாராபென் இரண்டும் இல்லாததாக ஒன்று சொல்லுங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை."

மார்ச் 2, இரவு

கொட்ட வேண்டாம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சிறு சோப்புப் பட்டறையின் சோதனை அறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். இப்போது பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன், எந்த ஷாம்பு விற்றாலும் எனக்கு ஒரு பைசா வராது.

சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரத் சல்பேட் என்று இரண்டு உண்டு. ஓரெழுத்து மாறியது போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது தோலை உறுத்தக்கூடியது. தோல் எரிச்சலை ஆராய்பவர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க எடுத்துக்கொள்வதே அதைத்தான். இரண்டாவது, அதனுடைய மூலக்கூறின் நடுவில் எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்துச் சாந்தப்படுத்தப்பட்டது. இன்று கடையில் இருக்கும் ஷாம்புகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். இரண்டுக்கும் தாய்ச்சரக்கு தேங்காயெண்ணெயிலோ பனைவிதை எண்ணெயிலோ இருக்கும் லாரிக் அமிலம். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி அதுதான்.

தரை கழுவும் திரவத்திலும் இது இருக்கிறது என்பது உண்மை. காசிமேட்டில் கருவாடு போடும் உப்புதான் நம் வீட்டுச் சாம்பாரிலும் விழுகிறது. அதற்காகச் சாம்பார் கருவாடாகிவிடுவதில்லை. புற்றுநோய்க் கதை 1990களின் இறுதியில் சங்கிலி மின்னஞ்சலாகச் சுற்றத் தொடங்கியது. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே பிறந்த வாட்ஸ்அப் செய்தி அது. சல்பேட் முடியின் தண்டை வறட்சியாக்கலாம், உச்சந்தலை வறண்டவர்களுக்கு அரிப்பும் தரலாம். முடியை வேரோடு உதிர்ப்பதற்கு அதற்குத் தெம்பில்லை.

பட்டியலைப் படிக்கும் முறை எளிது. எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில்.

மார்ச் 3

காலையில் எழுந்ததும் நேற்றைய கடைசி வரியே உறுத்தியது. நம் நாட்டு விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றைத்தான் எடை வரிசையில் எழுத வேண்டும். 1 விழுக்காடும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆகவே பட்டியலின் வாலில் குங்குமப்பூ முன்னால் நின்று வாசனைத் திரவியம் பின்னால் நின்றால், குங்குமப்பூ அதிகம் என்று பொருளாகாது. விற்பனைப் பிரிவில் ஒருவர் விழிப்பாக இருந்திருக்கிறார் என்றுதான் பொருள். அந்த 1 விழுக்காட்டுக் கோடு எங்கே விழுகிறது என்று பாட்டிலில் எழுதியிருக்காது. நான் கைக்கொள்ளும் குறுக்குவழி, பட்டியலில் பதனப்பொருள் (சரக்கு கெடாமல் காப்பது) தலைகாட்டும் இடத்தைத் தேடுவது. பீனாக்ஸிஎத்தனால் போன்றவை பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குள்தான் சேர்க்கப்படுகின்றன. அதற்குக் கீழே வரும் மூலிகைப் பெயர்களை நான் வாழ்த்துச் செய்தியாக எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 4

"ரசாயனமே இல்லாத மூலிகைச் சோப்பு" ஒன்றைப் பெருமையாக ஒருவர் இங்கே பின்னூட்டத்தில் குறிப்பிட்டிருந்தார். அவருக்கும் மற்றவர்களுக்கும், பத்து ரூபாய் செலவில்லாத ஒரு சோதனை.

பழைய வெள்ளை வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, நிழலில் உலர்த்துங்கள். இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் நனைந்த சோப்பைத் தேய்த்தால் கண்ணெதிரே குங்குமமாகச் சிவக்கும். இன்னொரு துண்டில் ஷாம்புவை ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். சிவந்த துண்டில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் கணக்கும், மஞ்சள் பூசிக் குளித்த பெண்கள் துடைத்த துண்டு துவைக்கும்போது சிவப்பதும், ஆரத்தித் தட்டும் இதே வேதியியல்தான். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும்.

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் அது 5ஐ ஒட்டியிருக்கும்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். எண்ணெயையும் காரத்தையும் வினைப்படுத்திச் செய்யும் எந்தச் சோப்பின் நுரையும் 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். வேப்பிலை அரைத்துப் போட்டாலும், கழுதைப்பால் ஊற்றினாலும், கைவேலை என்று சணல் கயிறு கட்டி விற்றாலும் சோப்பு சோப்புதான். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளும். வறண்ட தோலும் கரப்பான் தோலும் அவ்வளவு எளிதில் சரிசெய்துகொள்வதில்லை.

மார்ச் 4, இரவு

சோதனை செய்து பார்த்தவர் எழுதியிருக்கிறார்: மூலிகைச் சோப்பு சிவந்துவிட்டதாம், கூடவே அவருடைய வெள்ளைச் சட்டைக் கையும். சட்டைக்கு நான் பொறுப்பில்லை. மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் தானே வெளுக்கும்.

மார்ச் 6

இங்கே எவரும் எழுப்பாத பொருள் தண்ணீர். பாட்டிலின் பின்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம். அதை அலசும் தண்ணீருக்குப் பின்பக்கம் இல்லை.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது பழைய செய்தி. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் குடத்தில் பிடித்து வைப்பது குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், குளிப்பது ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர் என்ற பாகுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. போர் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும்: எத்தனை விசில் வந்தாலும் பருப்பு முழுசாகவே கிடக்கும். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். சோப்பின் பருப்பும் அந்தத் தண்ணீரில் வேகாது. சோப்பின் கொழுப்பு அமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். பக்கெட்டின் உள்விளிம்பில் விரலால் வழித்தால் மெழுகு போல வருமே, அதுதான். தலைக்குச் சோப்புப் போடுபவரின் முடியிலும் அது படிந்து, சீப்பு ஓடாமல், கையால் தடவினால் வைக்கோல் போலிருக்கும்.

லாரத் சல்பேட் இத்தகைய கடின நீரில் இப்படித் திரிவதில்லை. நாத்தனார் அஞ்சும் அந்தப் பொருளுக்கு வடசென்னையில் இருக்கும் உண்மையான தகுதி அதுதான். பட்டியலின் வாலில் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்று ஒன்றையும் பார்ப்பீர்கள். கால்சியத்தை நண்டு போலக் கவ்விப் பிடித்து வைப்பது அதன் வேலை. கூடுதல் விலை கொடுக்க ஆயத்தமாக இருப்பவர்கள் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொண்டு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீரை ஊற்றி அலசிப் பாருங்கள்.

மார்ச் 9

பாராபென் என்ற பதனப்பொருளைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அதில் என் கழுத்து சம்பந்தப்பட்டிருக்கிறது.

2004இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வில், மார்பகக் கட்டிகளிலிருந்து எடுத்த 20 திசு மாதிரிகளில் பாராபென்கள் இருப்பது கண்டறியப்பட்டது. நலமான திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த ஆய்வு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கட்டிக்கு அதுதான் காரணம் என்று நிறுவவும் இல்லை. ஆனால் செய்தி ஓடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐசோபுரோபைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐந்து பாராபென்களைத் தடை செய்தது. மெத்தில், எத்தில் பாராபென்களை 0.4 விழுக்காடு வரை இன்றும் அனுமதிக்கிறது. தண்ணீர் கலந்த எந்தக் குழைவும் பதனப்பொருள் இல்லாமல் சென்னைப் புழுக்கத்தில் ஒரு மாதம் தாங்காது. அரைத்த தேங்காய்ச் சட்னியை வெளியில் வைத்துப் பார்ப்பது போன்றதுதான். ஆகவே பாராபெனை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டாக வேண்டியிருந்தது. பலர் போட்டது மெத்தில்ஐசோதியாசோலினோன்.

2019இல் நானும் "பாராபென் இல்லை" என்று முன்பக்கம் பச்சை எழுத்தில் அச்சிட்ட ஒரு பாடி லோஷனுக்கு மாறினேன். மூன்றாவது மாதம் கழுத்தைச் சுற்றியும் முழங்கை மடிப்பிலும் செந்தடிப்பு. அம்மா கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயை நிறுத்தினாள், பிறகு கருவாட்டை, பிறகு இறாலை. திருவொற்றியூரில் கடல் காற்றை மோந்துகொண்டு ரசஞ்சோறு சாப்பிட்ட நான்கு மாதங்களை என்னால் மறக்க முடியாது. வறட்சி என்று நினைத்து அந்த லோஷனையே இன்னும் தாராளமாகத் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தோல் மருத்துவர் முதுகில் வரிசையாகச் சிறு பட்டைகளை ஒட்டி அனுப்பினார். மே மாத வெயிலில் 48 மணி நேரம் முதுகு நனையக்கூடாது. பிரித்துப் பார்த்தபோது ஒரே ஒரு சதுரம் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. லோஷன் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்தில் அவர் விரல் வைத்துக் காட்டிய பெயர்தான் மேலே சொன்னது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013லேயே அதை ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக அறிவித்திருந்தது. ஒன்பது ஆண்டு சோதனை அறையில் இருந்த நான் முன்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 10

"அப்படியானால் என் ஷாம்புவிலும் அந்த மெத்தில்ஐசோதியாசோலினோன் இருக்கிறதே" என்று மூன்று பேர். நேற்று நான் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது தவறு. இரண்டு நிமிடத்தில் அலசிவிடுவது வேறு, நாள் முழுவதும் தோலில் தங்குவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தோலில் தங்கும் பொருள்களில் அதை அறவே தடை செய்தது. அலசிவிடும் பொருள்களில் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை விட்டுவைத்தது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் ஷாம்புவைக் கண்டு பதற வேண்டாம்.

மார்ச் 10, சற்றுப் பின்

இதே பொருள் தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்டிலும் உண்டு. 2021 பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தொடாமலே என் கண்ணிமை வீங்கியது. அந்த ஆண்டு கத்தரிக்காய் பழியிலிருந்து தப்பியது.

மார்ச் 13

மண்ணடியிலிருந்து ஒருவர்: கண்டிஷனரில் செட்டில் ஆல்கஹால் என்று இருக்கிறது, நோன்பு நாளில் பயன்படுத்தலாமா, தலையும் வறண்டுவிடுமா? மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேதியியலை மட்டும் சொல்கிறேன். செட்டில் ஆல்கஹாலும் செட்டியரில் ஆல்கஹாலும் சாராயமல்ல, அறை வெப்பத்தில் வெள்ளை மெழுகு வில்லைகளாக இருப்பவை. சாராயத்துக்கும் இந்த மெழுகுகளுக்கும் சேர்த்து வேதியியலார் வைத்த குடும்பப் பெயர்தான் ஆல்கஹால். செட்டில் என்ற பெயர் திமிங்கிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, முதலில் திமிங்கில மெழுகிலிருந்து எடுத்ததால்; இப்போது பெரும்பாலும் பனை எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். முடியை வறட்டாது, மாறாக வழவழப்பாக்கும். "ஆல்கஹால் டீநேச்சர்டு" என்று முன்வரிசையில் இருந்தால் அது ஸ்பிரிட் வகை. பட்டதும் குளிர்ந்து ஆவியாகும், வறட்டவும் செய்யும்.

மார்ச் 15

"எங்கள் ஏரியாவில் யார் பாட்டில் வாங்குகிறார்கள்? பாக்கெட்டில் பட்டியலே இல்லையே?" என்று கொடுங்கையூர் வாசகர் கேட்டது, இதுவரை வந்தவற்றில் சிறந்த கேள்வி.

அண்ணாச்சி கடை வாசலில் தோரணமாகத் தொங்கும் பாக்கெட் ஷாம்பு நம் மாநிலத்துப் பிள்ளை. கடலூரில் சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்த முறை அது; அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்த பிறகு கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் ஷாம்பு போடலாம் என்றானது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொட்டலத்திலும் 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொட்டலத்திலும் உள்ளடக்கப் பட்டியல் அச்சிடத் தேவையில்லை என்று விதியே விலக்கு அளிக்கிறது. இடம் இல்லை என்பது அதற்கான நியாயம். விளைவு என்னவென்றால், பாட்டில் வாங்க வசதியுள்ளவருக்குத் தெரியும் விவரம் பாக்கெட் வாங்குபவருக்குத் தெரியாது. அதே பெயரில் வரும் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்து, பின்பக்கத்தைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். அண்ணாச்சி முறைத்தால் ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

மார்ச் 17

லாரத் சல்பேட்டுக்கு நான் அளவுக்கு மீறி வக்காலத்து வாங்கியதாக ஒருவர் குற்றம் சாட்டியிருக்கிறார். 1,4-டையாக்சேனைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்கிறார். நியாயமான குற்றச்சாட்டுதான்.

எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் சாந்தப்படுத்தும்போது துணைவிளைவாக டையாக்சேன் மிகச் சிறிதளவு உண்டாகும். விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. தயாரிப்பாளர் வெற்றிடத்தில் உறிஞ்சி அதை நீக்க முடியும், நல்ல ஆலைகள் நீக்குகின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டு, அலசிவிடும் பொருள்களில் அதை பத்து லட்சத்தில் 1 பங்குக்குள் அடக்கச் சொல்கிறது. தலையில் இரண்டு நிமிடம் நின்று போகும் ஷாம்புவில் இருக்கும் இந்தத் துளியைக் கண்டு நான் அஞ்சவில்லை. ஆனால் இது சேர்த்த பொருள் அல்ல, சேர்ந்துகொண்ட பொருள். ஆகவே எந்தப் பட்டியலிலும் வராது. பின்பக்கத்தைப் படித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது போல எழுதிக்கொண்டிருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 19

தலையெண்ணெய் குறித்துச் சுருக்கமாக. ஒட்டாத எண்ணெய் என்று விற்பதில் நான் பார்த்த ஒரு பாட்டிலில் முதல் பெயர் லைட் லிக்விட் பாராஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்; முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்டிருந்த பாதாம், பட்டியலில் வாசனைக்கு அக்கம்பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. பாராஃபின் நஞ்சல்ல. முடியின் மேல் போர்வையாகக் கிடக்கும், உள்ளே போகாது. 2003இல் மும்பையில் செய்த ஆய்வில் பாராஃபின், சூரியகாந்தி, தேங்காய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே; அதன் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் தண்டுக்குள் நுழைகிறது. ஆயா சொன்னது சரி என்று எழுதினால் உடனே நூறு பேர் ஆமோதிப்பீர்கள், ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அது இருக்கும் முடியைக் காக்கும், இல்லாத முடியை முளைக்கவைக்காது. இடையில் ஒரு வேடிக்கை. சின்ன பாட்டிலில் விற்கும் தேங்காயெண்ணெய் சமையல் எண்ணெயா, தலையெண்ணெயா என்ற வரி வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2024 டிசம்பரில்தான் சமையல் எண்ணெயாகவே வகைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நம் வீட்டில் அந்த வழக்கு அடுப்படிக்கும் அலமாரிக்கும் இடையில் தினமும் நடக்கிறது.

மார்ச் 20

சோப்பு அட்டையில் டி.எஃப்.எம். 76 என்று இருந்தால் தோலுக்கு மென்மை என்று வேறொரு விவாதத்தில் முன்பு எழுதியிருந்தேன், ஒருவர் அதைத் தோண்டி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார். மொத்தக் கொழுப்புப்பொருள் 76 விழுக்காடு என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம்; 40ஐ ஒட்டி இருப்பது குளியல் பார். இது சோப்பில் சோப்பு எவ்வளவு இருக்கிறது என்பதற்கான கணக்கு. தண்ணீர் பட்டதும் கூழாகிக் கரையாமல் கூடுதல் நாள் வரும், அவ்வளவுதான். மென்மைக்கு அது அளவுகோல் அல்ல, மஞ்சள் துணியை 76ம் சிவப்பாக்கும். சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் என்ற, சோப்பு அல்லாத நுரைப்பொருளைக் கொண்டு செய்யும் பார் கொழுப்புக் கணக்கில் தோற்றாலும் துணியை மஞ்சளாகவே விட்டுவிடும். பழைய குறிப்பைப் பட்டறைச் செருக்கில் எழுதிவிட்டேன்.

மார்ச் 24

என் அண்ணன் பத்து ஆண்டுகளாக ஒரே பாக்கெட் டைதான் போட்டுக்கொண்டிருந்தான். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் இரவு போட்டான். விடிந்தபோது நெற்றி தடித்து, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு, சம்பந்தி வீட்டாரைக் குரலை வைத்தே அடையாளம் கண்டான். குற்றவாளி பாராபினைலீன்டையமின். கறுப்பு டைகளில் நிலைத்த நிறம் தருவது பெரும்பாலும் அதுதான், மருந்துக்கடைச் சிட்டையில் பி.பி.டி. என்பார்கள். பத்து ஆண்டு ஒத்துக்கொண்டது பதினோராம் ஆண்டும் ஒத்துக்கொள்ளும் என்ற உறுதி ஒவ்வாமையில் கிடையாது.

இந்தப் பொருள் உள்ள டையில் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் அச்சிட வேண்டும், முன்சோதனை செய்யச் சொல்ல வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகலாம் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அண்ணனுடைய பாக்கெட்டிலும் தமிழில் இருந்தது, எறும்பு வரிசை போல. காதின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று படித்துக் காட்டினேன். "நரைக்குக் காத்திருக்கத் தெரியுமா" என்று கேட்டான்.

மார்ச் 28

பெருநாள் நெருங்குவதால் இதைத் தனியாக எழுதுகிறேன். மருதாணி இலைக்குக் கறுப்பாகச் சிவக்கத் தெரியாது. அதிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் செங்கல் நிறத்தில் தொடங்கி ஓரிரு நாளில் கரும்பழுப்பாகும், அதற்கும் கையில் சில மணி நேரம் இருக்க வேண்டும். அரை மணியில் கரி போலக் கறுக்கும் கோன் என்றால் அண்ணனை வீழ்த்திய அதே பி.பி.டி. அதில் இருக்கிறது என்று ஐயப்படுங்கள். குழந்தையின் கையில் கொப்புளம் வந்தால் அதோடு போகாது. பெரியவளான பிறகு தலைக்கு டை போடும் நாளில் உடம்பு அதை நினைவு வைத்திருக்கும்.

ஏப்ரல் 3

எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்து, "அக்கா, இதில் பாராபென் இருக்கிறதா பாருங்கள்" என்றாள். அழகு நிலையத்தில் கொடுத்த இரவு கிரீமாம். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுத்ததாம். இப்போது பூசாவிட்டால் எரிகிறது, வெயிலில் நின்றால் தக்காளி போலச் சிவக்கிறது, கன்னத்தில் மயிரிழை போலச் செந்நரம்புகள் தெரிகின்றன, தாடையோரம் பருவும் பூனைமுடியும். டப்பாவைத் திருப்பினேன். பட்டியல் இல்லை, 30 கிராமுக்குக் குறைவு, அதை விட்டுவிடுவோம். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை, தேதி இல்லை. ஒரு ரோஜாப் படம் மட்டும் இருந்தது.

இந்த அறிகுறிகள் ஸ்டீராய்டு கிரீமுக்கு உரியவை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்றவை நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டிய மருந்துகள்; 2018இல் இத்தகைய 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தார்கள். இன்னொரு ஆபத்து பாதரசம். அழகுப்பொருளில் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது, கண்ணுக்குப் போடுபவற்றுக்கு மட்டும் தனிக் கணக்கு. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை விசாரித்தபோது, பலரும் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்றும் அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது என்றும் தெரிந்தது.

ஒரு மாதமாக நாம் பெயர் போட்ட பொருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த டப்பாவில் சல்பேட்டும் இருந்திருக்காது, பாராபெனும் இருந்திருக்காது. திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் டப்பாவோடு போகச் சொல்லியிருக்கிறேன். ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டாலும் முகம் பழிவாங்கும்.

ஏப்ரல் 4

அழகு நிலையத்தின் பெயரைக் கேட்டு ஏழு பேர். சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

ஏப்ரல் 12

கேள்வி கேட்ட வியாசர்பாடி வாசகி திரும்பி வந்திருக்கிறார். டிசம்பர் தொடக்கத்தில், புயல் மழை வடிந்த கையோடு அவருக்கு டெங்கு; ஆறு நாள் மருத்துவமனை. இதை அவர் முதலில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடுங்காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிரும். பிள்ளை பெற்றவர்களுக்கும் இப்படித்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிப் புதுமுடி வரும். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. முதல் இரவே "அண்மையில் காய்ச்சல் வந்ததா" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். பாட்டிலைக் கண்டதும் பட்டறைக்காரி விழித்துக்கொண்டு, தலைக்குரியவரை மறந்துவிட்டேன்.

இரத்தச் சோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். உதிர்வது குறைந்து, வகிட்டோரம் குட்டி முடிகள் நிமிர்ந்து நிற்கின்றனவாம். அந்தப் பாதி பாட்டில் மார்ச் கடைசியில் தீர்ந்துவிட்டது, அதையே மறுபடி வாங்கியிருக்கிறார். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ தண்ணீர். மஞ்சள் துணிச் சோதனையை நாத்தனார் வீட்டுச் சோப்பில் செய்துகாட்டியதில் இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம்.